யோமரி: நெற்களஞ்சியத்தில் நான்கு நாள் காத்திருக்கும் நேவார் பலகாரம்

நேபாளத்தின் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் நெல் அறுத்து, காயவைத்து, களஞ்சியத்தில் கொட்டி முடித்த பிறகு வரும் பௌர்ணமியை நேவார் மக்கள் யோமரி புன்ஹி என்கிறார்கள். அவர்களுடைய தாய்மொழியான நேபாள பாஷாவில் (நேபாளி மொழி வேறு) புன்ஹி என்றால் பௌர்ணமி. அன்று புது அரிசி மாவில் மீன் போலக் கூர்ந்த ஒரு பலகாரம் பிடித்து, உள்ளே கரும்புப் பாகும் எள்ளும் நிரப்பி, ஆவியில் வேகவைத்து, சாமிக்குப் படைத்து, அதில் ஒரு பங்கை நெல்லோடு சேர்த்துக் களஞ்சியத்தில் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பங்கைத் தொடுவது நான்காம் நாளில்தான்.

இணையத்தில் யோமரி செய்முறை நிறையக் கிடைக்கிறது. பெரும்பாலானவை மாவில் தொடங்கி ஆவியில் முடிந்துவிடுகின்றன. அப்படிச் செய்தாலும் சுவையான பலகாரம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் யோமரியின் மரபு அதைச் செய்யும் வரிசையில்தான் இருக்கிறது: எந்த நாளில், எந்த அரிசியில், யாருக்கு முதலில், எத்தனை நாள் கழித்து. அதனால் இந்த வழிகாட்டி அடுப்பில் தொடங்காமல் நாட்காட்டியில் தொடங்குகிறது.

நாள் பார்ப்பது

நேவார்களுக்கு நேபாள் சம்பத் என்ற சொந்த ஆண்டுக்கணக்கு உண்டு. கி.பி. 879 அக்டோபரில் தொடங்கிய சந்திரக் கணக்கு அது. நேபாள அரசு 2008இல் அதைத் தேசிய ஆண்டுக்கணக்காக அங்கீகரித்தது. தீபாவளியை ஒட்டி, தன்னையே வணங்கும் மஹ பூஜை நாளில் அவர்களுக்குப் புத்தாண்டு பிறக்கும். முதல் மாதம் கச்சலா, இரண்டாவது தின்லா. அந்தத் தின்லா மாதத்துப் பௌர்ணமிதான் யோமரி புன்ஹி. அதாவது புத்தாண்டு பிறந்து சுமார் ஆறு வாரம் கழித்து. ஆங்கில நாட்காட்டியில் பெரும்பாலும் டிசம்பரில் விழும். 2024இல் டிசம்பர் 15, 2025இல் டிசம்பர் 4.

நேபாளத்தில் இதே நாளுக்குத் தான்ய பூர்ணிமா என்றும் பெயர் உண்டு. கிழக்கு மலைகளின் கிராத் மக்கள் இதே நாளில்தான் உதௌலி கொண்டாடுகிறார்கள். பள்ளத்தாக்கின் உழவர்களான ஜ்யாபுகள் இதை ஜ்யாபு தினமாகவும் கொண்டாடுகிறார்கள். நேவார் என்றாலே வியாபாரிகள், சிற்பிகள், கோயில் கட்டியவர்கள் என்று சொல்லிச் சொல்லி, அந்த நகரங்களுக்குச் சோறு போட்ட ஜ்யாபுகளை எளிதில் மறந்துவிடுகிறோம். யோமரி முதலில் அவர்களுடைய பலகாரம். சேற்றில் நின்று நாற்று நட்ட கைதான் இந்தக் கூர் நுனியையும் உருட்டுகிறது.

கதையைத் தெரிந்துகொள்வது

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான்கு நாள் காத்திருப்புக்கான காரணம் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

பாஞ்சால நகர் என்று கதை சொல்லும் ஊர், இன்றைய பனௌதி. காத்மாண்டுவுக்குத் தென்கிழக்கே சுமார் 32 கிலோமீட்டர். அங்கே சுசந்திரன், கிருதா என்ற உழவுத் தம்பதி இருந்தார்கள். வயலில் விளைந்த புது அரிசியை மாவாக்கி எதையோ பிடித்துப் பார்த்தபோது இந்தப் பலகாரம் உருவானது. ஊராருக்குக் கொடுத்தார்கள், எல்லோருக்கும் பிடித்துப்போனது. பெயரே அப்படி வந்ததுதான்: ‘ய’ என்றால் பிடித்தது, ‘மரி’ என்றால் பலகாரம். நேவார் சாப்பாட்டில் இந்த ‘மரி’ அடிக்கடி வரும். அரிசி மாவில் தோசை போல ஊற்றும் சதாமரி, கல்யாணத்துக்குச் செய்யும் லாக்காமரி எல்லாம் இதே குடும்பத்துச் சொற்கள்.

அப்புறம் ஒருநாள் குபேரன் பிச்சைக்காரர் வேடத்தில் அந்த வழியே வந்தார். வந்தவர் யார் என்று தெரியாமலே அவருக்கும் யோமரி கொடுத்தார்கள். மகிழ்ந்துபோன குபேரன் தன் உருவைக் காட்டி, இந்தப் பௌர்ணமியில் மாவில் தெய்வ உருவங்கள் பிடித்துக் களஞ்சியத்தில் வைத்து நான்கு நாள் பக்தியோடு இருப்பவர் வீட்டில் வறுமை அண்டாது என்று வரம் கொடுத்தார்.

இந்தக் கதையில் என்னை நிறுத்திவைப்பது ஒரு விஷயம். வரம் கேட்டுப் பலகாரம் செய்யவில்லை. மனமாரச் செய்து, ஊருக்குக் கொடுத்து, யாரென்று தெரியாதவருக்கும் கொடுத்த பிறகுதான் வரம் வருகிறது. இன்றைய சடங்கும் அதே மாதிரிதான்: சாமிக்கு, களஞ்சியத்துக்கு, வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு. வீட்டில் இருப்பவர்கள் சாப்பிடுவது இதற்கு நடுவில்.

அரிசியும் மாவும்

புது அரிசி என்பது சம்பிரதாயத்துக்காக மட்டும் சொல்வதில்லை. அறுவடை முடிந்து அதிகம் பழகாத அரிசியின் மாவு பிசையும்போது நன்றாக ஒட்டும், இழுத்தால் வளையும். பழைய அரிசி மாவு சீக்கிரம் வெடிக்கும். காத்மாண்டுவில் யோமரிக்குப் பலரும் கேட்டு வாங்குவது தைச்சின் அரிசி மாவு. தைவானின் தைச்சுங் நகரத்தின் பெயரோடு வந்த குட்டைக் குண்டு ரகம், சமைத்தால் சற்றே பசைத்தன்மை வரும். நம் ஊரில் செய்பவர்கள் நீள அரிசியை விட்டுவிட்டு, குண்டாக இருக்கும் பச்சரிசியாகப் பார்த்து வாங்குங்கள். புழுங்கலரிசி வேண்டாம்.

கடை மாவு போதும் என்றால் மிக நைசான மாவாக எடுங்கள். வீட்டில் இடிப்பதாக இருந்தால் அரிசியைக் கழுவி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, ஈரம் தொட்டால் தெரிய வேண்டும், ஆனால் கையில் ஒட்டக் கூடாது என்ற நிலையில் அரைத்துச் சலியுங்கள். ஈர மாவில் பிடிக்கும் யோமரி மிருதுவாக வரும். ஆனால் கீழே சொல்லும் தண்ணீர் அளவு கடை மாவுக்கானது. ஈர மாவுக்குக் கணிசமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சுமார் 15 யோமரிக்கு:

300 கிராம் அரிசி மாவு
280 முதல் 300 மில்லி வரை கொதிக்கும் தண்ணீர்
2 தேக்கரண்டி எண்ணெய் அல்லது நெய்
200 கிராம் சாக்கு என்ற கெட்டிக் கரும்புப் பாகு (கிடைக்காவிட்டால் கருத்த வெல்லம்)
60 கிராம் எள்
பூரணத்துக்கு 2 தேக்கரண்டி நெய்

சாக்கு: உள்ளே இருக்கும் கருப்பு

கோணிச் சாக்கு என்று குழம்ப வேண்டாம். சாக்கு என்பது நேவார்களின் கெட்டிப் பாகு. கரும்புச் சாற்றுப் பாகை மணிக்கணக்கில் காய்ச்சி, நெய் தடவிய தட்டில் ஊற்றி, சூடு சற்று ஆறியதும் ஒரு மரக் கம்பில் மாட்டி இழுத்து இழுத்து மடிப்பார்கள். நம் திருவிழாவில் சவ்வு மிட்டாய்க்காரர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே அசைவு. இழுக்க இழுக்கக் காற்று புகுந்து, கருத்த பாகு செம்பழுப்பாகி மினுமினுக்கும்.

இதற்குப் பேர்போன ஊர் காத்மாண்டுவின் வட ஓரத்தில் இருக்கும் தோகா. அந்தப் பெயருக்கே கரும்பு வயல் என்று நேபாள பாஷாவில் பொருள் சொல்கிறார்கள். இப்போது பாகு தெற்கே தராய் சமவெளியில் இருந்து வருகிறது. தோகாவில் மிச்சம் இருப்பது காய்ச்சி இழுக்கும் கைப்பழக்கம். தை பிறக்கும் மாகே சங்கராந்திக்கு நெய்யோடு சாக்கு சாப்பிடுவது நேவார் வழக்கம் என்பதால், மார்கழிக் குளிர் நெருங்கும்போதே தோகாவில் அடுப்பு மூட்டிவிடுவார்கள். சாக்கும் எள்ளும் உடம்புக்குச் சூடு தரும் பொருள்கள் என்று நம்புகிறவர்கள் அவர்கள். நமக்கும் அது புதிய பேச்சு இல்லை.

பூரணம் இப்படி: எள்ளை வெறும் வாணலியில் சிறு தீயில் வறுங்கள். வெடிக்கும் சத்தம் அடங்கத் தொடங்கும்போது இறக்கி, ஆறவைத்து, கொரகொரப்பாக இடியுங்கள். மிக்சியில் போட்டால் இரண்டே சுற்று. அதிகம் சுற்றினால் எண்ணெய் விட்டு மசிந்துவிடும். சாக்கைச் சிறு துண்டுகளாக உடைத்து நெய்யோடு மெல்லிய தீயில் உருக்கி, எள்ளைப் போட்டுக் கிளறி இறக்குங்கள்.

வெல்லத்தில் செய்பவர்கள் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, காய்ச்ச வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கையில் மெத்தென்று உருள வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் நிரப்பும்போது வழியும். அதைத் தாண்டினால் ஆறியதும் கடினமாகிவிடும். இந்த ஒரு பதத்தில்தான் வெல்ல யோமரி நிற்கிறது.

நன்றாக வந்த பூரணம் கரண்டியில் எடுத்தால் மெதுவாக நகரும், ஊற்றாது. ஆவியில் வேகும்போது மறுபடி உருகும். கடிக்கும்போது வாயில் வழிவது அதனால்தான். தேங்காய் சேர்ப்பவர்கள் உண்டு. கோவாவோ, இனிப்பில்லாத உளுந்து விழுதோ, கொத்துக்கறியோ வைப்பதும் நேவார் வீடுகளில் நடப்பதுதான். இப்போது காத்மாண்டு கடைகளில் சாக்லேட் யோமரியும் வந்துவிட்டது. பிள்ளைகள் சாப்பிடட்டும். ஆனால் பௌர்ணமி அன்று படையலுக்குச் சாக்கும் எள்ளும்தான் என்பது என் எண்ணம். அறுவடை முடிந்த வயல், குளிர், கரும்பு, எள் எல்லாம் ஒன்றாகச் சேர்வது அந்தப் பூரணத்தில்தான்.

மாவு பிசைவது

மாவை அகலமான பாத்திரத்தில் போட்டு நடுவில் குழித்து, கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மரக் கரண்டியால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் எண்ணெய் தொட்டுப் பிசையத் தொடங்குங்கள். ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். சூட்டோடு பிசைந்தால்தான் மாவு வெந்து பசை பிடிக்கும். உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தள்ளி, மடித்து, மறுபடி தள்ளி, பத்து நிமிடமாவது பிசைய வேண்டும். கொழுக்கட்டை மாவுக்கு நாம் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. இங்கே சுவர் மெல்லியதாகவும் நுனி நீளமாகவும் வர வேண்டியிருப்பதால் மாவுக்குக் கூடுதல் இழுவை வேண்டும்.

சோதித்துப் பார்க்க, எலுமிச்சை அளவு எடுத்து உருட்டி விரலால் அழுத்துங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை. ஈரக் கையால் இன்னும் இரண்டு நிமிடம் பிசையுங்கள். விரலில் ஒட்டினால் மாவு தூவாதீர்கள், பத்து நிமிடம் மூடி வைத்தால் தானே சரியாகும். எப்படியும் ஈரத் துணி போட்டுக் கால் மணி நேரம் மூடிவைத்து, மறுபடி ஒரு தடவை பிசைந்த பிறகே பிடிக்கத் தொடங்க வேண்டும்.

விரலைச் சுற்றி வளரும் உருவம்

இதுதான் யோமரியின் உயிர். இப்போது இதற்கும் அச்சு விற்கிறார்கள். வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு தடவையாவது கையால் பிடித்துப் பாருங்கள்.

எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, ஒரு பக்கம் கூராக நீட்டுங்கள். பார்க்க ஒரு சின்னக் கேரட் மாதிரி இருக்கும். இடது கையில் கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். வலது கை ஆள்காட்டி விரலை எண்ணெயில் தோய்த்து, தடித்த பக்கத்தின் நடுவில் மெதுவாக இறக்குங்கள். இனி வேலை இடது கைக்குத்தான். மாவைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும். உள்ளே விரல் அசையாமல் நிற்க, வெளியே மாவு அதைச் சுற்றி மெலிந்துகொண்டே வரும். பழகிய கைகளில் இது பார்ப்பதற்குப் பம்பரம் சுற்றுவது போல இருக்கும். பழகாத கை விரலை உள்ளே குடையும், அப்போது ஒரு பக்கம் மெலிந்து ஓட்டை விழும். குடையாதீர்கள், திருப்புங்கள்.

சுவர் தடிமன் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்தால் போதும். விரலை எடுத்துவிட்டு, இரண்டு சிறு கரண்டி பூரணத்தை உள்ளே விடுங்கள். முக்கால் பாகம்தான். வாய் ஓரத்தில் பாகு பட்டால் அங்கே மாவு ஒட்டாது, வேகும்போது அந்த இடத்தில்தான் பிளக்கும். அப்புறம் வாயைக் குவித்து, கிள்ளி, மிச்ச மாவைச் சின்ன வாலாக முறுக்கி மூடுங்கள். சிலர் அந்த வாலை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். அப்போது அசல் மீன் மாதிரியே இருக்கும். கூர் நுனியைக் கடைசியாக ஒருமுறை விரல்களால் உருட்டி நீட்டிவிடுங்கள்.

அந்த நுனி நீள வேண்டும் என்பதற்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. யோமரியின் நுனி எவ்வளவு நீளமோ, குளிர்காலம் அவ்வளவு சீக்கிரம் தேயுமாம். ஆண்டின் நீண்ட இரவுகள் வரும் நாட்களில் அடுப்படியில் கூடி உட்கார்ந்து, யார் நுனி நீளம் என்று பார்த்துக்கொண்டே குளிரை விரட்டும் வேலை அது. எனக்கு இந்த நம்பிக்கையில் பிரியம் அதிகம்.

முதல் ஐந்தாறு யோமரி கோணலாகத்தான் வரும். வரட்டும். கடைசியில் மிஞ்சும் மாவில் விநாயகர், லட்சுமி, குபேரன் என்று சிறு உருவங்கள் பிடியுங்கள். சாமிக்கும் களஞ்சியத்துக்கும் அவை வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

ஆவி

அங்கே அடியில் துளை போட்ட மண்பானையைக் கொதிக்கும் நீர்ப் பானைமேல் ஏற்றி வேகவைப்பது பழைய முறை. நமக்கு இட்லிப் பானை போதும். குழித் தட்டு வேண்டாம், தட்டையான தட்டில் எண்ணெய் தடவிய வாழையிலை போட்டு, ஒன்றோடொன்று தொடாமல் அடுக்குங்கள். தண்ணீர் கொதித்த பிறகே ஏற்றுங்கள். 12 முதல் 15 நிமிடம். மேல்தோல் பளபளத்து, ஈரவிரலில் ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டது. அதற்கு மேல் விட்டால் உள்ளே பாகு கொதித்துப் பிளக்கும். உடனே எடுக்காமல் மூன்று நிமிடம் விட்டு எடுத்தால் அடி ஒட்டாது. பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் இன்னும் ஆறவிடுங்கள். வெளியே ஆறியது போல இருந்தாலும் உள்ளே பாகு சுடும்.

படையல், வாசல், களஞ்சியம்

முதலில் விநாயகர், லட்சுமி, குபேரன், அன்னபூரணி. நேவார்களில் இந்துக்களும் உண்டு, பௌத்தர்களும் உண்டு. யோமரி இரண்டு வீடுகளிலும் வேகும். பூஜை முடிந்ததும் ஒரு பங்கு நெல் குவியலோடு களஞ்சியத்துக்குள் போகும்.

சாயங்காலம் பிள்ளைகள் கூட்டமாக வீடு வீடாக வந்து, பாட்டுப் பாடி யோமரி கேட்பார்கள். நுனி கூர்மை, உள்ளே கருப்பு என்று யோமரியையே வர்ணிக்கும் பாட்டு அது. கொடுத்த வீட்டைப் புகழ்ந்தும், கொடுக்காத வீட்டைக் கேலி செய்தும் பாடுவார்கள். நகர அடுக்குமாடிகளில் இந்த வழக்கம் மெலிந்துவருகிறது. யோமரி இப்போது கடையில் ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது, ஆனால் கடையில் வாங்குகிற யோமரிக்காக யாரும் வாசலில் நின்று பாட வேண்டியதில்லை. பலகாரம் பிழைத்து, பாட்டு போய்விடுமோ என்பதுதான் எனக்கு உள்ள கவலை. நேவார் நண்பர்கள் யாராவது உங்களுக்கு இருந்தால், செய்முறையைக் கேட்பதோடு அந்தப் பாட்டையும் பாடச் சொல்லிக் கேளுங்கள்.

பௌர்ணமிக்கு வெளியிலும் யோமரிக்கு ஒரு முக்கியமான நாள் உண்டு. பிள்ளைகளுக்கு 2, 4, 6 என்று 12 வயது வரை இரட்டைப்படைப் பிறந்தநாளில் யோமரியைக் கோத்து மாலையாகப் போடுவார்கள். மாலைக்குப் பிடிக்கும்போது அளவைச் சிறிதாக்கி, வால் பக்கம் கொஞ்சம் கெட்டியாக விட்டு, நன்றாக ஆறிய பிறகு அந்த வாலில் ஊசி ஏற்றுங்கள். வயிற்றுப் பக்கம் குத்தினால் பாகு பிள்ளையின் சட்டைமேல் வழியும்.

நான்காம் நாள்

காத்மாண்டுவில் டிசம்பர் இரவு 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். அந்தக் குளிரில், காற்றோட்டமான களஞ்சியத்தில் வெந்த மாவு நான்கு நாள் கெடாமல் இருக்கிறது. கதை வரம் என்று சொன்னதற்கு அந்த மண்ணின் குளிரும் துணை நிற்கிறது. சென்னையிலோ மதுரையிலோ வெளியே வைத்தால் மறுநாளே புளித்துவிடும். ஆகவே நீங்கள் செய்தால், பூஜை முடிந்ததும் அந்தப் பங்கைத் தனி டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அரிசி டப்பாவின் பக்கத்தில் ஒரு விளக்கு ஏற்றினால் போதும். இடையில் யாரும் எடுத்துவிடாதபடி வீட்டில் சொல்லிவையுங்கள்.

நான்காம் நாள் எடுக்கும்போது யோமரி கல் போல இறுகியிருக்கும். பயப்பட வேண்டாம், குளிர்ந்த அரிசி மாவின் இயல்பு அது. இட்லிப் பானையில் ஏழெட்டு நிமிடம் ஆவி காட்டுங்கள். தோல் மறுபடி பளபளக்கும், உள்ளே பாகு இளகும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பங்கு போட்டு, நுனியை முதலில் கடித்து, அந்தச் சின்ன வாய் வழியாகப் பாகை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சாப்பிடுங்கள்.